கத்தரிப்பூ கலர்

“கத்தரிப்பூ கலரா?” பட்டறைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு அம்மா ஓட்டிக்கொண்டு வந்திருந்த காரின் நாலு கதவிலும் உட்பக்கப் பேனல்கள் வெயிலில் வெளுத்துத் திட்டுத்திட்டாகக் கிடந்தன. நன்றாகத் துடைத்துச் சாம்பல் சாயம் ஏற்றினால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

“பழைய சாம்பலையே அடிச்சிடறேம்மா. உங்க பையனும் காலையில போன்ல அதைத்தான் சொன்னாரு.”

“கார் அவனோடதா, என்னோடதா?”

“உங்களோடதுதான். ஆனா கண்ணைக் குத்துமேம்மா!”

“குத்தட்டும்.”

“சாயம் உள்ள ஊறிடும். ஒரு தடவை அடிச்சா அப்புறம் தலைகீழா நின்னாலும் பழைய சாம்பல் கலருக்குத் திரும்ப முடியாது.”

“நல்லதாப் போச்சு.”

பட்டறைக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“பின்னால விக்கணும்னா ஒரு பய சீந்த மாட்டான். கதவைத் திறந்ததுமே ஓடிடுவான்!”

அந்தம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “நிச்சயமா?”

“சத்தியமா.”

“அப்போ டாஷ்போர்டையும் விட்டுடாதீங்க. அதுக்கும் இதே கலர்தான்.”

தலையில் அடித்துக்கொண்டு அவர் வேலையை முடித்தபோது சாயங்காலமாகிவிட்டது. அந்தம்மா ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து, கத்தரிப்பூக் கதவை ஒரு முறை தட்டிக்கொடுத்தார்.

“எனக்கு வயசாயிடுச்சாம், இனிமே கார் ஓட்டக் கூடாதாம். நாளைக்கு இதை வாங்க ஆள் கூட்டிட்டு வர்றான் என் பிள்ளை.”

சாவியைத் திருகினார்.

“வரட்டும். கதவை நானே திறந்து காட்டுறேன்.”