முட்டிக்குக் கீழே ஒரு கை

நாற்பத்தாறு வயதில் அலுவலக ஆண்டு விழாவில் கபடி ஆடிய வீரன் நான். முட்டியில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமாகியும் தொடைச்சதை இறுகவேயில்லை. அது இறுகினால்தான் ஊன்றுகோலை விடலாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். தினமும் நீட்டிய காலின் முட்டிக்கடியில் என் மனைவி பூங்குழலி கையை வைப்பாள். அதை நான் மெத்தையோடு அமுக்க வேண்டும். பல் இறுகும், முஷ்டி இறுகும், நல்ல கால்கூட இறுகும்.

"மூஞ்சிக்குத்தாங்க நல்ல பயிற்சி," என்பாள்.

இன்று அமுக்கியபோது தொடைச்சதை திரண்டு ஓர் எலி போலப் புரண்டது.

"ஏங்க, விடுங்க, அடுப்புல பால் இருக்கு."

"முடிஞ்சா எடுத்துக்கோ."

இழுத்தாள், கை வரவில்லை. பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. நிஜமாகவே இழுக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன்.