பில்லம்மாவின் பிள்ளைகள்

ஒரு மளிகைக்கடைக் கம்ப்யூட்டருக்குள்ளே பில்லம்மா என்றொரு புரோகிராம் குடியிருந்தாள். கடையில் கூட்டம் நெரிந்தால், உள்ளே வருவோருக்குப் பேர் பதியும் வாசல்காரரிடம் சொல்லிப் பிள்ளைகளைப் பெற்று வேலைக்கு அனுப்புவாள். ஒருவன் பில் அச்சடிப்பான், ஒருவன் சரக்கு இருப்பைப் பார்ப்பான்.

"பேரு என்ன வைக்கட்டும் தாயி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார் வாசல்காரர்.

"எம்பேருதான்! பெத்தவ நான்தானே?"

பண்டிகைக்கு முந்தைய நாள், ஒரு பிள்ளை நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டரே திணறிப் போனது. வாசல்காரர் ஓடி வந்தார்.

"பில்லம்மா சுத்துறதாத் திரையில காட்டுது, நிறுத்தச் சொல்லிக் கடை முதலாளி உத்தரவு. கிளம்பு தாயி."

பில்லம்மா கைநீட்டிக் காட்டினாள். "நான் இல்லண்ணே, அதோ அவன்!"

"அவன் பேரு?"

"அவனும் பில்லம்மாதான். இப்பவே வேற பேரு வச்சிடுங்களேன், அண்ணே."

"வாசல் தாண்டிட்டா மாத்த முடியாதே!"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். "பில்லம்மா, நில்லு!"

பிள்ளைகள் எல்லாரும் சட்டென்று நின்றார்கள். காதிலேயே வாங்காமல் சுற்றியது ஒன்றுதான். வாசல்காரர் அதை அலேக்காகத் தூக்கிப்போய்த் தூங்க வைத்தார்.

பில் அச்சடிக்க அடுத்துப் பெற்ற பிள்ளைக்கு அவர் பேர் கேட்கும் முன்பே பில்லம்மா சொல்லிவிட்டாள். "அச்சுமணி!"

சாயங்காலம் திரையைப் பார்த்த முதலாளி, "இந்த அச்சுமணி பிச்சு உதறிட்டானே!" என்றார். பில்லம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை, வாசலுக்கு ஓடினாள்.

"அண்ணே, அந்த அச்சுமணி யாரு பெத்த பிள்ளைன்னு கேளுங்க!"