தோப்புக்கார மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த வீட்டில், தட்டைப் பார்த்ததும் உத்தமன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

கேசரி இருந்தது. வங்காளி இனிப்பான சந்தேஷ் இருந்தது. நடுவே, மஞ்சளும் சிவப்புமாக, குடைமிளகாய் போல வழுவழுவென்று பழங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் நிறத்தில் ஒரு கொட்டை, யாரோ ஒட்டவைத்த மூக்கு மாதிரி வெளியே தொங்கியது.

"முந்திரிப்பழம். தீகா கடற்கரைக்குப் போன ஆபீஸ் நண்பர் வாங்கிட்டு வந்தார்," என்றார் முத்துகிருஷ்ணன், பெண்ணின் அப்பா. "தோப்புக்காரர் நீங்க. ஆரம்பிங்க தம்பி."

தோப்பாம், தோப்பு.

உத்தமன் இதே நகரத்துப் பெஹாலாவில் பிறந்து, பெஹாலாவில் வளர்ந்து, சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன். அவன் கண்ட முந்திரியெல்லாம் கேசரிக்குள் கிடந்ததுதான். பண்ருட்டியில் அவனுக்கு முந்திரித் தோப்பு இருப்பதாக அவிழ்த்துவிட்டவர், இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தரகர் மஹாதேவன்.

"பொண்ணு வீட்டுக்கும் அங்க தோப்பு இருக்குப்பா. சரிசமமா இருந்தாத்தான் பேச்சே ஓடும்," என்று சமாதானம் வேறு.

மறுத்திருப்பான். அதற்குள் தமிழரசியின் போட்டோவைப் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன ஹாலில் எல்லாக் கண்ணும் அவன் மேல்தான். முத்துகிருஷ்ணன் இமைக்காமல் அவன் கையையே பார்த்தார். அவர் மனைவி கோமளம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பரீட்சை வைக்கிறார்கள். நிஜத் தோப்புக்காரர்கள். ஒரே கடியில் சாயம் வெளுத்துவிடும். தமிழரசி போட்டோவோடு சரி.

முந்திரி என்றால் கொட்டைதானே? பழத்தைத் தலைகீழாகப் பிடித்து, கொட்டையை வாயருகே கொண்டுபோனான்.

தண்ணீர் டம்ளரோடு தமிழரசி குறுக்கே வந்தாள். வந்தவர்களை வரவேற்றதிலிருந்தே கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். ஜலதோஷம் என்று சொல்லியிருந்தார்கள்.

டம்ளரை வைக்கக் குனிந்தவள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள்.

"கொட்டையத் திருகிப் போட்டுட்டு பழத்தக் கடிங்க."

திருகினான். போட்டான். கடித்தான். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. இனிப்பு முடிவதற்குள் துவர்ப்பு வந்து தொண்டையைப் பிடித்தது.

"இந்த வருஷம் பழம் பரவாயில்ல," என்றான், பரம்பரைத் தோப்புக்காரன் போல.

முத்துகிருஷ்ணன் ஒரு பழத்தை எடுத்தார். அவனைப் போலவே திருகினார். அவனைப் போலவே தட்டின் ஓரத்தில் கொட்டையைப் போட்டார். ஒரு வாய் கடித்துவிட்டு, அட, இவ்வளவுதானா என்கிற முகத்தோடு மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். கோமளமும் ஒன்றை எடுத்துத் திருகினாள்.

உத்தமன் மெல்லுவதை நிறுத்தினான்.

பண்ருட்டித் தோப்புக்காரருக்கு முந்திரிப்பழம் தின்ன வழிகாட்டி எதற்கு?

தமிழரசியை நிமிர்ந்து பார்த்தான். அவள் கைக்குட்டையை மெல்ல இறக்கினாள்.

கீழுதடு வெந்து, வீங்கி, கொப்புளித்துப் போயிருந்தது.

"பழக்கூடை நேத்தே வந்துடுச்சு," என்றாள் தாழ்ந்த குரலில். "நான் கொட்டையக் கடிச்சுப் பார்த்தேன். ஓட்டுல இருக்கற எண்ணெய் பொசுக்கிடுச்சு."

சிரிக்கப் பார்த்தாள், எரிச்சலில் முகம் சுளித்தாள். போட்டோவைவிட அந்தச் சுளிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் தரகர் பக்கம் திரும்பினார்கள்.

மஹாதேவன் சுவரில் தொங்கிய காலண்டரில் மும்முரமாக முகூர்த்த நாள் தேடிக்கொண்டிருந்தார்.

அது போன வருஷத்துக் காலண்டர்.