கல்யாண சைட்டில் சவப்பெட்டிக் கடை

"கல்யாண சைட்டில் சவப்பெட்டிக் கடைக்கு என்னய்யா வேலை? உடனே தூக்கு!"

மெயிலைப் படித்ததும் உத்தமனுக்கு வியர்த்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், அதுவும் முழுக்கக் கொட்டை எழுத்தில். கீழே பெயர் இல்லை. 'பெண்ணைப் பெற்ற ஒருவன்' என்று மட்டும் இருந்தது.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். இதுதான் உத்தமனின் திருமண சைட். பார்த்த வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது. அதில்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

நெட்டில் தேடினால் முதல் பக்கத்தில் வரவேண்டுமா, மற்ற சைட்டுகள் லிங்க் கொடுத்து நம்மைக் கை காட்ட வேண்டும் என்று இன்டர்நெட் சென்டர் கிஷோர் சொல்லிக் கொடுத்திருந்தான். அன்றே உத்தமன் வெட்கத்தை விட்டார். கரப்பான் மருந்துக்காரர், பல்செட் டாக்டர், விவாகரத்து வக்கீல், எல்லோரிடமும் ஒரே பேச்சு.

"நீங்க என்னைக் காட்டுங்க, நான் உங்களைக் காட்டறேன்."

முதலில் சரி என்றவர் தாஸ். கோலார் தங்கச் சுரங்கத்தில் தச்சராக இருந்து, சுரங்கம் மூடியதும் இங்கே வந்து சவப்பெட்டிக் கடை போட்டவர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆர்டர் கொடுக்க ஒரு சைட்டும் வைத்திருந்தார்.

'அந்த மனுஷனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?' என்று உத்தமனுக்குக் கோபம் வந்தது. தான்தான் போய்க் கேட்டோம் என்பதை வசதியாக மறந்துவிட்டார். தாஸின் லிங்க்கைத் தூக்கினார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஐநூறு சைட் ஒரே பேக்கேஜ்ல வருது ஸார்," என்றான் கிஷோர். "காசு கட்டினா போதும், யார்கிட்டயும் போய்க் கெஞ்ச வேணாம்."

வந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத சைட்டுகள். ரஷ்யாவில் வழுக்கைக்கு மாத்திரை விற்பவன்கூட லிங்கராஜபுரத்து வரன்களுக்குச் சிபாரிசு செய்தான். உத்தமன் முதல் பக்கத்துக்கு ஏறினார். தெருவுக்கே மைசூர்பாக் கொடுத்தார்.

இருபதாம் நாள் காணாமல் போனார். எல்லாம் கள்ள லிங்க் என்று கண்டுபிடித்துத் தேடுபொறி அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. தன் பெயரையே போட்டுத் தேடினால், ஹாசனில் யாரோ ஒரு உத்தமன் பாம்பு பிடிப்பதாகத் தகவல் வந்தது. போன் அடிக்கவே இல்லை. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை போன் அடித்தது. ஜோசபின் என்ற அம்மாள். தம்பிக்குப் பெண் தேடுகிறாராம்.

"நம்ம சைட்டை எங்கம்மா பார்த்தீங்க?"

"அப்பாவுக்குப் பெட்டி பார்க்கறப்போ ஸார்."

"என்ன பெட்டி?"

"சவப்பெட்டி. தாஸ் அண்ணன் சைட்ல கீழயே உங்க லிங்க் இருந்துச்சு. எங்க வழக்கத்துல சாவு விழுந்த வீட்ல வருஷம் திரும்பறதுக்குள்ள ஒரு கல்யாணம் பண்ணிடணும் ஸார். சர்ச்சுக்குப் போனாலும் அதை மட்டும் விடமாட்டாங்க எங்க பெரியவங்க."

அந்த வாரம் நான்கு போன். நான்கும் துக்க வீடு. நான்கும் தாஸ் சைட்டைப் பார்த்து வந்தவை.

ஐநூறு சைட் கை காட்டியும் ஒரு ஈ எட்டிப் பார்க்கவில்லை. அவர் லிங்க்கைத் தூக்கியும் இந்த மனுஷன் தன் சைட்டில் இருந்த நம் லிங்க்கைத் தூக்கவில்லையே! உத்தமனுக்கு அவமானமாக இருந்தது. நேரே தாஸ் கடைக்குப் போனார்.

தாஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கனடாவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். திரை முழுக்கக் கொட்டை எழுத்து.

"மன்னிச்சிடுங்கண்ணே. எவனோ ஒருத்தன் ஈவிரக்கமில்லாம மெயில் போட்டான், பயந்துபோய் உங்க லிங்க்கைத் தூக்கிட்டேன். இப்பவே திரும்பப் போட்டுடறேன்."

"ஐயோ, வேணாம் தம்பி!" தாஸ் பதறினார். "நானும் பொண்ணைப் பெத்தவன்தான். வரன் பார்க்க வர்றவங்க கண்ணுல என் கடையா படணும்? நீங்க திரும்பப் போட்டா, நான் மறுபடி ஒத்தை விரல்ல உங்களைத் திட்டி மெயில் எழுதணும்."