மூடாத டப்பா

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் மழை விட்ட காலை. மேசையில் காபி ஆவி பறக்கிறது. யெல்லே தகர டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே வீட்டின் பழைய நாய்கள் இரண்டும், கிழவன் பால்டரும் குண்டன் மோப்பும், ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மனிதருக்கும் நாய்க்கும் தலைக்கு ஒரு பிஸ்கட். உடனே மூடி டப்பென்று விழுகிறது. ஒரு காபிக்கு டப்பா ஒரு தடவைதான் திறக்கும், இந்த ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். அந்தச் சத்தத்தில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு காது நடுங்குகிறது. ருமேனியாவின் தெருவொன்றிலிருந்து மீட்கப்பட்டு, போன வாரம் இங்கே வந்த நாய் வில்மா. வந்ததிலிருந்து அந்த இடுக்கை விட்டு அவள் நகரவில்லை. "திரும்பிப் பாக்காத, வர்றா," என்று கிசுகிசுக்கிறாள் யெல்லேயின் மனைவி சீட்ஸ்கே. முதலில் ஈர மூக்கு வருகிறது, பிறகு ஒட்டிய வயிறு. பால்டர் உறுமவில்லை, பின்புறத்தை ஒரு சாண் நகர்த்தி இடம் விடுகிறான். வில்மா நடுவில் புகுந்து, மற்ற இருவரையும் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து டப்பாவைப் பார்க்கிறாள். யெல்லே தாடையைச் சொறிகிறார். பிறகு நகத்தால் மெல்ல நெம்பி மூடியைத் திறக்கிறார். "அடப்பாவி! எங்கம்மா வந்தப்பகூட ரெண்டாவது தடவ தொறக்கலையே நீ!" என்கிறாள் சீட்ஸ்கே. "சத்தம் போடாத, பயந்துரப் போறா." வில்மா பிஸ்கட்டைக் கடிக்கும் நொறுநொறுப்பு அறை முழுக்கக் கேட்கிறது. மூடினால் அந்தச் சத்தத்துக்கு மறுபடி ஓடிவிடுவாளோ என்று யெல்லே மூடியை மடியிலேயே வைத்திருக்கிறார். டப்பா திறந்தே கிடக்கிறது. நாயைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டி, சீட்ஸ்கே தன் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொள்கிறாள்.