நாலு உருண்டை

"மாப்பிள்ளை, எனக்கும் அதுல நாலு குடுங்க."

குப்பியும் கையுமாக நின்றவன் திரும்பிப் பார்த்தான். மாமியார் தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

அவனுடைய காலைகள் மாறுவதில்லை. ஐந்தரைக்கு எழுவான். அரை மணி நேரம் நடப்பான். வாயைக் கொப்பளித்துவிட்டு, ஹோமியோபதிக் குப்பியின் மூடியில் நாலு வெள்ளை உருண்டைகளை எண்ணி, கை படாமல் நாக்கில் போட்டுக்கொள்வான். அரை மணி கழித்துச் சாப்பாடு, கூடவே டாக்டர் கொடுத்த மாத்திரைகள். பிறகு தராசு பழுதுபார்க்கும் கடைக்குக் கிளம்புவான்.

எல்லாம் மனைவி பழக்கிவிட்டுப் போனது. அறுவை சிகிச்சைக்கு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

"உங்களுக்கு எதுக்கு அத்தை இது? டாக்டர் மாத்திரை டப்பா நிறைய அப்படியே கிடக்கு."

"கிடக்கட்டும். என் பொண்ணைக் காப்பாத்தாத ஆஸ்பத்திரி, என் சர்க்கரையைக் குறைச்சிடுமாக்கும்!"

மகள் போன அன்றே மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். நேற்றுத்தான் கெஞ்சிக் கூத்தாடிப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் ஏறியிருந்தன. இடுப்புச் சுற்றளவும் அவற்றோடு கூட்டணி. "இதெல்லாம் சேர்ந்து வர்றதுக்குப் பேர்தான் மெட்டபாலிக் சின்ட்ரோம். இப்படியே விட்டா இதயம் தாங்காது" என்று டாக்டர் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

வீட்டில் மிச்சமிருப்பது இரண்டு பேர். அந்த இரண்டு ஒன்றாகக் குறைவதில் அவனுக்குச் சம்மதமில்லை.

"முப்பது வருஷமா எத்தனை இடுப்பை அளந்திருப்பேன்! என் இடுப்புலயே டேப்பை வைக்கிறார் அந்தச் சின்ன டாக்டர். அதுவும் முறுக்கிக்கிட்ட டேப்பு!"

"முறுக்காம பிடிச்சிருந்தா இடுப்பு குறைஞ்சிருக்குமா அத்தை?"

"அளவு சரியா வரும்ல? பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்கும் இதே கூட்டணிதானே இருந்துச்சு? அவ தேடிப் போய் இந்த உருண்டையை வாங்கிட்டு வந்தா, எல்லாம் இறங்கிடுச்சுல்ல?"

உண்மைதான். முப்பத்தொரு வயதில் ஆயுசுக்கும் மாத்திரையா என்று முரண்டு பிடித்தவன் அவன். அவள்தான் வழிக்குக் கொண்டுவந்தாள்.

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது.

"தரேன். ஆனா இதுக்குச் சட்டதிட்டம் இருக்கு."

"என்ன பெரிய சட்டம்?"

"முதல்ல அரை மணி நடக்கணும். அப்புறம்தான் உருண்டை. அதுக்கப்புறம் அரை மணிக்குக் காபி கூடாது. பிறகு சாப்பாடு, டாக்டர் மாத்திரை. இது தனியா வேலை செய்யாது. மாத்திரைக்குத் துணைக்குப் போறது. அது இல்லேன்னா இதுவும் இல்ல."

"துணைக்குப் போறதுக்கே இவ்வளவு பிகுவா!"

"அவ எனக்குச் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்றேன் அத்தை."

மாமியார் மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"சரி, சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரை உருண்டை ஆகுமா?"

"எனக்காக அப்பவே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நாலும் சேர்ந்து கால் கிராம்கூட வராது. தராசுல வச்சும் பாத்துட்டேன்."

"அதான் அவ உங்களை கிராம்னே கூப்பிட்டா" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடப் போனாள்.

மூன்று மாதம் கழித்து வந்த பரிசோதனை முடிவைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். தன் உடுப்புகளையெல்லாம் இருபுறமும் பிடித்துத் தைத்தாள்.

"பாத்தீங்களா உருண்டையோட மகிமையை! டாக்டரே வாயடைச்சுப் போயிட்டார்."

"மாத்திரையும்தானே அத்தை சாப்பிட்டீங்க?"

"அது சும்மா, துணைக்கு!"

அவன் சிரித்தே விட்டான். அவன் சிரித்துப் பார்த்து நாளாகிவிட்டது. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"மாப்பிள்ளை, அவ கடைசியா என்ன சொன்னா? இன்னொரு தரம் சொல்லுங்க."

"அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா."

எப்போதும் சொல்லும் பதில்தான். அவளும் எப்போதும் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைத் தவிர வேற யாரை நெனைக்கப் போறா! சரி, குப்பி காலி. போற வழியில வாங்கிடுங்க."

ஹோமியோபதி மருந்துக்கடைப் பெண் காலிக் குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"பெரிய குப்பியா குடுங்க. இப்போ ரெண்டு பேர்" என்றான்.

"உருண்டையில எந்த மருந்து ஏத்தணும்?"

"ஒண்ணும் ஏத்த வேண்டாம்."

உண்மையில், அம்மாவைப் பற்றி மனைவி எதுவுமே சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டும்முன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "கோவிச்சுக்காத கிராம், அந்த உருண்டையில மருந்தே கிடையாது, வெறும் சர்க்கரை. நான் வர லேட்டாச்சுன்னா, டாக்டர் மாத்திரையை மட்டும் விட்டுடாத."