எவனும் மடிப்பான்

“இத மடிக்கப் பெரிய மூளையெல்லாம் வேணாம், எவனும் மடிப்பான். அப்டின்னு உங்க வாயால சொல்லுங்க சார்” என்றாள் கலைமதி. காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“எதிராளி வக்கீல்கூட என் மூஞ்சிக்கு நேரா இப்டிச் சொல்ல மாட்டான் மேடம்” என்றார் பத்மகுமார். கலைமதி அவருடைய வக்கீல்தான். கொடுமையே அதுதான்.

பத்மகுமாருக்குச் செஞ்சியில் கடலை மிட்டாய்ப் பட்டறை. பசையே இல்லாமல், ஓரத்தை உள்ளே செருகி மூடும் காகிதப் பொட்டலத்தில் விற்கிறார். அவர் மடிக்கத் தொடங்குவதற்கு முன்பே அதே மடிப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்த ஒரு கம்பெனி, இப்போது கேஸ் போட்டிருக்கிறது. தோற்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“காப்புரிமைல அட்டைப்பெட்டின்னு மட்டும் எழுதியிருந்தா அந்தக் கம்பெனிக்காரன் தப்பிச்சிருப்பான் சார். உங்கள மாதிரி பொட்டலம் மடிக்கிறவங்களையும் புடிக்கணும்னு ‘மடங்கக்கூடிய எந்தத் தாளும்’னு எழுதிட்டான். அவ்ளோ அகலமா எடுத்துக்கிட்டா, பழைய மளிகைக் கடைப் பொட்டலத்துக்கும் இதுக்கும் ஒரு மடிப்புதான் வித்தியாசம். அந்த ஒரு மடிப்பு தொழில் தெரிஞ்ச யாருக்கும் தோணும்னு நீங்க அஃபிடவிட் குடுத்தா, அவன் காப்புரிமையே நிக்காது.”

“யாருக்கும் தோணுமா? மாசக்கணக்கா மடிச்சி மடிச்சிப் பாத்தவன் நான். பட்டறை போனாலும் போவட்டும் மேடம், அத மட்டும் சொல்ல மாட்டேன்.”

கலைமதிக்கு ஆயாசமாக இருந்தது. ஜெயிக்கிற கேஸ், ஒரு மனுஷனின் வீம்பால் கண்ணெதிரே தோற்கப் போகிறது. பேசாமல் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

பத்மகுமாரின் மனைவி மருதேவி, வக்கீலுக்கென்று கொஞ்சம் மிட்டாயைக் காகிதத்தில் சுருட்டி நூல் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“பொழுது சாயுது, சாப்ட வாங்க. நாங்க ஜைனருங்க, இருட்டினா சாப்ட மாட்டோம்மா” என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. ஒருநாள் மத்தியானம் தாளுங்களுக்கு நடுவுல அப்டியே தூங்கிட்டீங்க. நான்தான் சும்மா ஒண்ண எடுத்து மடிச்சி வச்சேன். எழுந்து பாத்துட்டு, நீங்களே மடிச்சதுன்னு நெனச்சிக்கினீங்க.”

பத்மகுமாரின் முகம் விழுந்துவிட்டது. விழுந்த வேகத்திலேயே எழுந்தும் விட்டது.

“அடச்சே! இவளே மடிச்சிருக்கான்னா அதுல இன்னா இருக்குது? எவனும் மடிப்பான். எழுதிக்குங்க மேடம், நாளைக்கே நோட்டரிகிட்ட கையெழுத்துப் போடறேன்!” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மருதேவி தெருமுனை வரை வழியனுப்ப வந்தாள். கலைமதிக்கு மனசு ஆறவில்லை.

“உங்க மூளைல வந்தத இத்தன நாள் அவரோடதுன்னு ஊரே பேச விட்டீங்களேக்கா. இப்பவும் உங்களத்தான் மட்டமாப் பேசிட்டுப் போறாரு.”

“பேசினாப் பேசட்டும். பட்டறை நிக்குதில்ல?” என்ற மருதேவி, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு இன்னிக்கு வரைக்கும் அந்த மடிப்பு வராதும்மா.”